பிளாஸ்மா கொடுக்கப் போகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடைக்குப் போயிருப்பீர்கள். ஆட்டு ரத்தத்தை ஒரு பாத்திரத்தில் பிடித்து வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் கட்டியைச் சுற்றி ஒரு மஞ்சள் நீர் ஊறி நிற்கும். வீட்டில் ரத்தப் பொரியல் செய்யும் அக்காமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் வாணலியில் போடுவார்கள்.

நம் உடம்பில் ஓடும் ரத்தத்திலும் இப்படி ஒரு மஞ்சள் நீர் உண்டு. அதன் பெயர் பிளாஸ்மா. ஆட்டு ரத்தக் கட்டியைச் சுற்றி ஊறும் நீரும் பிளாஸ்மாவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வேறுபாடு உண்டு. ரத்தத்தை உறைய வைக்கும் சத்து பிளாஸ்மாவில் இருக்கும். உறைந்து முடிந்த ரத்தத்திலிருந்து ஊறிய நீரில் அது இருக்காது.

நம் ரத்தத்தை 100 பங்காகப் பிரித்தால் ஏறக்குறைய 55 பங்கு பிளாஸ்மா. மீதிதான் சிவப்பு அணுக்களும், வெள்ளை அணுக்களும், தட்டணுக்களும். அப்படியானால் ரத்தம் ஏன் சிவப்பாக இருக்கிறது? சிவப்பு அணுக்கள் கோடிக்கணக்கில் மிதப்பதால்தான். அவற்றை நீக்கிவிட்டால் வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மீதி கொஞ்சம் புரதம், உப்பு, சர்க்கரை. அந்தக் கொஞ்சத்தில்தான் உயிரைக் காக்கும் சரக்கு இருக்கிறது.

யாருக்கு வேண்டும் இது?

வரதய்யபாளையம், சத்தியவேடு பக்கம் வயலில் வேலை செய்பவர்களுக்குப் பாம்பு பயம் எப்போதும் உண்டு. கண்ணாடிவிரியனை நம் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் ரக்தபிஞ்சர என்பார்கள். பெயரிலேயே ரத்தம் இருக்கிறது. பெயர் சும்மா வரவில்லை. இந்தப் பாம்பின் விஷம் பிளாஸ்மாவில் உள்ள உறைய வைக்கும் சத்தைத் தின்று தீர்த்துவிடும். ஈறில் ரத்தம் கசியும். சிறுநீரில் ரத்தம் போகும். கடித்த இடத்தில் ரத்தம் நிற்காது.

இதற்கு முதல் மருந்து விஷமுறிவு ஊசி. அதுவும் பிளாஸ்மாவிலிருந்து வருவதுதான் என்றால் நம்புவீர்களா? மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978ல் தொடங்கியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷம் மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அங்கே அதைக் குதிரைக்கு மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். குதிரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் உடம்பு விஷத்தை எதிர்க்கும் சத்தை உண்டாக்கும். அந்தச் சத்து குதிரையின் பிளாஸ்மாவில் மிதக்கும். குதிரையிடம் ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சுத்தம் செய்து, புட்டியில் அடைக்கிறார்கள். பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுவது இதைத்தான்.

அந்த ஊசி போட்ட பிறகும் சிலருக்கு ரத்தக் கசிவு நிற்காது. அப்போது மனிதரிடமிருந்து எடுத்த பிளாஸ்மாவையும் ஏற்ற வேண்டி வரலாம்.

(பாம்பு கடித்தால் கத்தியால் கீற வேண்டாம். வாயால் உறிஞ்ச வேண்டாம். கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108 வண்டியைக் கூப்பிடுங்கள். இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.)

பிரசவத்தில் அதிக ரத்தம் போகும் தாய்க்கு, சிவப்பு அணுக்களோடு பிளாஸ்மாவும் தேவைப்படும். ரத்தம் உறையும் சத்தெல்லாம் அவர் உடம்பிலிருந்து ஒழுகிப் போயிருக்கும். புது ரத்தம் ஏற்ற ஏற்ற, அதுவும் ஒழுகும். பிளாஸ்மா கொடுத்தால்தான் ஒழுக்கு நிற்கும். கல்லீரல் கெட்டுப் போனவர்களுக்கும் இதே சிக்கல் வரும். ஏனென்றால் உறைய வைக்கும் சத்தைச் செய்வது கல்லீரல்தான்.

ஹீமோபிலியா என்று ஒரு நோய் உண்டு. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும். பிறவியிலேயே ரத்தம் உறையும் சத்து குறைவாக இருக்கும். பையன் ஓடி விளையாடி விழுந்தால் முட்டிக்குள்ளே ரத்தம் கசிந்து வீங்கிவிடும். இவர்களுக்கான மருந்தையும் பலருடைய பிளாஸ்மாவிலிருந்து எடுக்கலாம்.

எப்படி எடுக்கிறார்கள்?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி நமக்குப் பழக்கமானது. சாதாரண ரத்த தானம். 350 மில்லி ரத்தம் எடுப்பார்கள். சுமார் ஒன்றரை டம்ளர் அளவு. அந்தப் பையை ஒரு இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுற்றுவார்கள். தயிர் கடைந்தால் வெண்ணெய் தனியே வருகிறது அல்லவா? அதுபோலச் சுற்றும் வேகத்தில் கனமான சிவப்பு அணுக்கள் கீழே போகும். பிளாஸ்மா மேலே நிற்கும். ஒரே பையில் எடுத்த ரத்தம் சிவப்பு அணு, தட்டணு, பிளாஸ்மா என மூன்று பைகளாகப் பிரியும். மூன்று நோயாளிகளுக்குப் போகும். சிவப்பு அணுக்களைக் குளிர்பெட்டியில் சில வாரங்கள் வைக்கலாம். தட்டணுக்கள் 5 நாளுக்கு மேல் தாங்காது. பிளாஸ்மாவை மட்டும் பனிக்கட்டியைவிடக் கடுமையான குளிரில், கழிவு 30 டிகிரியில், ஓராண்டு வரை வைக்கலாம். நம் நாட்டு நோயாளிகளுக்குக் கிடைக்கும் பிளாஸ்மாவில் பெரும்பகுதி இந்த வழியில் வருவதுதான். ஆகவே நீங்கள் முன்பே ரத்தம் கொடுத்திருந்தால், தெரியாமலே பிளாஸ்மாவும் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது வழியில் உங்களை நேரடியாக ஒரு இயந்திரத்தோடு இணைப்பார்கள். இயந்திரம் ரத்தத்தை எடுத்து, வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை உங்கள் உடம்புக்கே திருப்பி அனுப்பும். நம் நாட்டில் இந்த வழியில் அதிகம் எடுப்பது தட்டணுக்களை. டெங்குக் காய்ச்சல் காலத்தில் "தட்டணு கொடுக்க ஆள் வேண்டும்" என்று கேட்பது இதற்காகத்தான். பிளாஸ்மாவை மட்டும் இப்படி எடுப்பது குறைவு. இரண்டுக்கும் நாற்காலி ஒன்றுதான், இயந்திரமும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லா ரத்த வங்கியிலும் இந்த இயந்திரம் இருக்காது.

அன்றைக்கு என்ன நடக்கும்?

திருப்பதியிலோ சென்னையிலோ ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வெறும் வயிற்றோடு போகக் கூடாது. கோவிலுக்குப் போவதுபோல விரதம் இருந்து போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் மயக்கம் வரும். இட்லி, களி, சாதம் என்று வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிரியாணி, பஜ்ஜி, பூரி மட்டும் வேண்டாம். அதிகக் கொழுப்பைச் சாப்பிட்டு வந்தால் பிளாஸ்மா பால்போல வெளுத்துவிடும். அதை நோயாளிக்குக் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் பஸ் ஏறி வந்ததெல்லாம் வீணாகும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள் ஷிப்ட் முடிந்த கையோடு போகக் கூடாது. மது குடித்திருந்தால் அன்று எடுக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு படிவம் கொடுப்பார்கள். நம் பக்கத்தில் அது தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். நீங்கள் தமிழ் மட்டும் படிப்பவர் என்றால் கூச்சப்படாதீர்கள். "சிஸ்டர், இதில் என்ன எழுதியிருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முழுவதும் தெரிந்த பிறகுதான் கையெழுத்து. கைநாட்டு வைத்த காலத்தில் என்ன தாளில் வைத்தோம் என்று தெரியாமல் வைத்தோம். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே அதை மாற்றத்தான்.

அடுத்து கேள்விகள். மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா? மலேரியா வந்ததா? பச்சை குத்திக்கொண்டு ஓராண்டு ஆகிவிட்டதா? ஆபரேஷன் நடந்ததா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? பெண்களிடம் கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, மாதவிலக்கா என்று கேட்பார்கள். உடலுறவு பற்றியும் கேட்பார்கள். வெட்கமாக இருக்கும். ஆனால் இதைத் தனியறையில் கேட்க வேண்டும், பதிலை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது முறை. கூட வந்தவர் பக்கத்தில் நின்றால், "அண்ணே, கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பொய் சொல்லாதீர்கள். நோய்க் கிருமி உடம்பில் நுழைந்த முதல் சில நாட்கள் எந்தப் பரிசோதனையிலும் தெரியாமல் போகலாம். அந்த நாட்களில் நோயாளியைக் காப்பது உங்கள் உண்மையான பதில் ஒன்றுதான்.

எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக ரத்தம் கொடுக்கப் போகக் கூடாது. அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தனிப் பரிசோதனை உண்டு.

பிறகு எடை பார்ப்பார்கள். சாதாரண ரத்த தானத்துக்கு 45 கிலோ வேண்டும். இயந்திர வழிக்கு 50 கிலோவுக்கு மேல் வேண்டும். வயது 18 முடிந்திருக்க வேண்டும். ரத்த தானத்துக்கு 65 வயது வரை, இயந்திர வழிக்கு 60 வயது வரை. ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் பார்ப்பார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் அளவு பார்ப்பார்கள். அது 12.5 இருக்க வேண்டும். நம் பெண்கள் பலர் இங்கேதான் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். "உங்களுக்கே ரத்தம் பத்தாதும்மா" என்பார் நர்ஸ். அதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். அந்த ஒரு சொட்டில் உங்கள் சோகையை இலவசமாகக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுங்கள். முருங்கைக் கீரை, ஈரல் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

எல்லாம் சரியாக இருந்தால் சாய்வு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். இங்கே கண்ணைத் திறந்து பாருங்கள். குழாயும் ஊசியும் பையும் சேர்ந்த ஒரு புதுத் தொகுதியை உங்கள் முன்னால் பிரிப்பார்கள். பிரிக்கும்போது பாருங்கள். பாராமல் போயிருந்தால் கேளுங்கள். உங்கள் ரத்தம் இந்தக் குழாய்க்குள்தான் ஓடும். இயந்திரத்தைத் தொடாது. வேறு ஆளின் ரத்தத்தோடு கலக்க வழியில்லை. உங்கள் வேலை முடிந்ததும் அந்தத் தொகுதியை அப்படியே எறிந்துவிடுவார்கள்.

ஊசி சாதாரண ஊசியைவிடத் தடிமன். குத்தும்போது வலிக்கும். எறும்புக் கடி போல இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வலிக்கும். ஆனால் சில நொடிதான். பிறகு வலி இருக்காது. கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள்.

இயந்திரம் ரத்தத்தை இழுக்கும். நிறுத்தும். பிறகு சிவப்பு அணுக்களைத் திருப்பி அனுப்பும். மறுபடி இழுக்கும். இப்படிப் பல சுற்று நடக்கும். திரும்பி வரும்போது கை வழியாகக் குளிர்ச்சி ஏறுவது தெரியும். போர்வை கேட்டால் தருவார்கள். முக்கால் மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகலாம். சாதாரண ரத்த தானம் என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

உதட்டிலும் விரல் நுனியிலும் குறுகுறு என்று இருக்கலாம். எறும்பு ஊர்வதுபோல இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. குழாய்க்குள் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் என்ற மருந்தைக் கலக்கிறார்கள். அது கொஞ்சம் உங்கள் உடம்புக்குள்ளும் வரும். வந்து ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் குறுகுறுப்பு. "ஆம்பிளை நான், தாங்கிக்கொள்கிறேன்" என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பார்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். சில நிமிடத்தில் சரியாகிவிடும்.

தலை சுற்றினால், வியர்த்தால், கண் இருட்டினால் அதையும் சொல்லுங்கள். காலைத் தூக்கிப் படுக்க வைப்பார்கள்.

முடிந்ததும் பஞ்சை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை மடக்கித் தேய்க்க வேண்டாம். பழச்சாறும் பிஸ்கட்டும் தருவார்கள். பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். அன்று மரம் ஏறக் கூடாது. மூட்டை தூக்கக் கூடாது. டிராக்டர் ஓட்டக் கூடாது. ஊசி குத்திய இடம் நீலம் பாரித்தால் பயப்பட வேண்டாம். சில நாளில் மறையும். கை மரத்துப்போனாலோ, வலி கூடினாலோ மட்டும் திரும்பிப் போய்க் காட்டுங்கள்.

கேட்கிறார்கள், சொல்கிறோம்

"கொடுத்தால் உடம்பு பலவீனம் ஆகிவிடுமே?"

பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. பிளாஸ்மா பெரும்பாலும் தண்ணீர்தான் என்று பார்த்தோம். அந்த நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும். கிணற்றில் இறைக்க இறைக்க ஊறுவதுபோல. புரதம் ஊறச் சில நாட்கள் கூடுதலாகும். பருப்பு, முட்டை, கடலை சாப்பிட்டால் போதும். சிவப்பு அணுக்கள் ஊறத்தான் சில வாரங்கள் வேண்டும். அதனால்தான் முழு ரத்தம் கொடுத்த ஆண்கள் 3 மாதமும் பெண்கள் 4 மாதமும் காத்திருக்க வேண்டும் என்று விதி. இயந்திரத்தில் பிளாஸ்மா கொடுப்பவருக்கு இடைவெளி குறைவு. ஆனாலும் வரம்பு உண்டு. ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு மாதத்தில் ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது.

"ஆண்மை போய்விடும் என்கிறார்களே?"

போகாது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"என் ரத்தம் ஓ குரூப். யாருக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். பிளாஸ்மாவுமா?"

இல்லை. இது பலருக்குத் தெரியாது. பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ். சிவப்பு அணுக்களில் ஓ குரூப்காரர் எல்லோருக்கும் உதவுவார். பிளாஸ்மாவில் ஏபி குரூப்காரர்தான் எல்லோருக்கும் உதவுவார். "என் குரூப் யாருக்கும் வேண்டாத குரூப்" என்று ஏபி குரூப்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தால் இனி நினைக்க வேண்டாம்.

"பிள்ளை பெற்ற பெண்கள் கொடுக்கலாமா?"

சாதாரண ரத்த தானம் கொடுக்கலாம். பால்குடி மறந்து, ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் போதும். ஆனால் இயந்திரத்தில் பிளாஸ்மா எடுக்கும்போது, கர்ப்பம் தரித்த பெண்களைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. கர்ப்ப காலத்தில் அவர்கள் பிளாஸ்மாவில் சில எதிர்ப்புச் சத்துக்கள் உண்டாகியிருக்கும். அவை நோயாளியின் நுரையீரலைப் பாதிக்கக்கூடும். இது பெண்ணைத் தள்ளி வைக்கும் தீட்டுக் கணக்கு இல்லை.

பணம் தருவார்களா?

இந்தக் கேள்வியைப் பல பேர் மனதுக்குள் வைத்திருப்பார்கள். வெளிப்படையாகவே பேசலாம்.

அமெரிக்காவில் பிளாஸ்மா கொடுத்தால் பணம் உண்டு. நம் நாட்டில் கிடையாது. ஒரு காலத்தில் இங்கும் ரத்தம் விற்கப்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில் தரகர்கள் நின்றார்கள். ஏழைகளும் குடிக்கு அடிமையானவர்களும் அடிக்கடி வந்து விற்றார்கள். பணம் வேண்டும் என்பதால் நோயை மறைத்தார்கள். 1980களின் இறுதியில் புனே நகரில் பணத்துக்குப் பிளாஸ்மா விற்று வந்தவர்களைச் சோதித்தபோது பலருக்கு எச்.ஐ.வி. இருந்தது தெரிய வந்தது.

சீனாவில் நடந்தது இன்னும் கொடுமை. ஹெனான் என்ற மாகாணத்தில் 1990களின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் பிளாஸ்மா நிலையம் திறந்தார்கள். விவசாயிகள் வரிசையில் நின்று விற்றார்கள். விதைக்கும் உரத்துக்கும், வீடு கட்டவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் அந்தப் பணம் உதவியது. ஆனால் அங்கே பலருடைய ரத்தத்தை ஒன்றாகக் கலந்து சுற்றினார்கள். பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, கலந்துபோன சிவப்பு அணுக்களை எல்லோருக்கும் திருப்பி ஏற்றினார்கள். ஒருவருக்கு இருந்த எச்.ஐ.வி. அத்தனை பேருக்கும் போனது. பல்லாயிரம் விவசாயிகள் நோயில் விழுந்தார்கள். காவோ யாவ்ஜி என்ற வயதான பெண் டாக்டர் இதை 1996 முதல் ஊர் ஊராகப் போய் விசாரித்து வெளியே சொன்னார். அதிகாரிகள் அவரைத் தடுத்தார்கள். கடைசியில் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் நியூயார்க் நகரில், 95 வயதில் காலமானார். புதுக் குழாயை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள் என்று மேலே சொன்னோமே, அதன் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் ரத்த வியாபாரத்தை எதிர்த்து ஒரு பொதுநல வழக்கு நடந்தது. 1996 ஜனவரி 4ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்படி 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பதும் வாங்குவதும் தடை செய்யப்பட்டன. நோயாளியிடம் கட்டணம் வாங்குகிறார்களே என்று கேட்கலாம். அது பைக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவு. அதற்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. ரத்தத்துக்கு விலை இல்லை. "பிளாஸ்மா கொடு, இத்தனை ஆயிரம் தருகிறேன்" என்று வெளியே ஒருவர் கூப்பிட்டால் போகாதீர்கள்.

கொரோனா காலத்தில் நடந்தது

பிளாஸ்மா என்ற சொல்லை நாம் எல்லோரும் கேட்டது 2020ல்தான். கொரோனா வந்து குணமானவர் உடம்பில் அந்தக் கிருமியை எதிர்க்கும் சத்து இருக்கும். அவர் பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்றினால் நோயாளி பிழைப்பார் என்று நினைத்தார்கள். நியாயமான எண்ணம்தான். பாம்பு விஷத்துக்குக் குதிரை பிளாஸ்மா உதவுகிறதே! அந்த ஜூலையில் டில்லியிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் பிளாஸ்மா வங்கி திறந்தார்கள். பிளாஸ்மா கொடுப்பவருக்கு 5000 ரூபாய் தருவதாக ஆந்திர அரசு அறிவித்தது. ரத்தத்துக்கு விலை இல்லை என்று சட்டம் சொல்லும் நாட்டில் இது ஊக்கத்தொகையா, விலையா என்று கேட்கத் தோன்றுகிறது. அவசர காலத்தில் அந்தக் கேள்விக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை முறையாகச் சோதித்தது. 39 ஆஸ்பத்திரிகள். 464 நோயாளிகள். பாதிப் பேருக்குப் பிளாஸ்மாவும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். முடிவில் சாவு குறையவில்லை. நோய் முற்றுவதும் குறையவில்லை. 2021 மே மாதம் கொரோனா சிகிச்சைப் பட்டியலிலிருந்து பிளாஸ்மாவை நீக்கிவிட்டார்கள். கடன் வாங்கி, ஊர் ஊராக அலைந்து பிளாஸ்மா தேடிய குடும்பங்கள் எத்தனையோ. கொடுத்தவர்கள் மேல் தவறில்லை. நல்ல எண்ணம் என்பது வேறு, மருந்து வேலை செய்கிறது என்பது வேறு. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஊசியைப் பார்க்க பயந்த மனிதர்

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் அவருக்கு மார்பில் பெரிய ஆபரேஷன் நடந்தது. முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். 18 வயது ஆனதும் நானும் கொடுப்பேன் என்று முடிவு செய்தார். 1954ல் தொடங்கினார்.

அவர் பிளாஸ்மாவில் ஓர் அரிய சத்து இருப்பதைப் பிறகு டாக்டர்கள் கண்டார்கள். தாய் நெகடிவ் குரூப், வயிற்றில் உள்ள பிள்ளை பாசிடிவ் குரூப் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலக்கும். தாயின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து ஆயுதம் தயாரித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது பிள்ளை பாசிடிவாக இருந்தால் அந்த ஆயுதம் அதைத் தாக்கும். பிள்ளைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வரும். வயிற்றிலேயே இறந்தும் போகலாம். "முதல் பிள்ளை நன்றாகப் பிறந்தது, அடுத்து பிறந்ததெல்லாம் தங்கவில்லை, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று அழுத பாட்டிமார்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். சிலருக்கேனும் காரணம் இந்த ரத்த குரூப்பாக இருந்திருக்கும்.

ஹாரிசன் போன்றவர்களின் பிளாஸ்மாவிலிருந்து ஆன்டி-டி என்ற ஊசி மருந்தைச் செய்தார்கள். பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் தாய்க்குப் போட்டால் அவர் உடம்பு ஆயுதம் தயாரிக்காது. அடுத்த பிள்ளை பிழைக்கும். ஹாரிசன் 2018 வரை, 81 வயது வரை கொடுத்தார். மொத்தம் 1173 தடவை. அவர் கொடுத்ததால் 24 லட்சம் குழந்தைகள் பயன் பெற்றதாக ஆஸ்திரேலிய செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. 2025 பிப்ரவரியில் தூக்கத்திலேயே காலமானார். வயது 88.

இத்தனை தடவை கொடுத்தவர் ஒரு தடவைகூட ஊசி உள்ளே போவதைப் பார்த்ததில்லை. பயம். நர்ஸைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், பேசிக்கொண்டே இருப்பார்.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் ரத்த குரூப் நெகடிவா என்று முதல் பரிசோதனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நெகடிவ் என்றால் ஆன்டி-டி ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கருக்கலைந்தாலும் அந்த ஊசி தேவைப்படலாம்.

எங்கே போவது?

நமக்குப் பக்கத்தில் திருப்பதி இருக்கிறது. அங்கே ரூயா அரசு ஆஸ்பத்திரியிலும், சுவிம்ஸ் ஆஸ்பத்திரியிலும் ரத்த வங்கி உண்டு. தெற்கே போனால் சென்னையின் அரசு ஆஸ்பத்திரிகள். ஊரில் ரத்த தான முகாம் நடந்தால் அங்கேயே கொடுக்கலாம். அந்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துக்கொள்வார்கள். இயந்திரத்தில் கொடுக்க விரும்பினால் முன்கூட்டியே ரத்த வங்கியில் பெயரும், குரூப்பும், போன் எண்ணும் பதிந்துவிட்டு வாருங்கள். தேவை வரும்போது கூப்பிடுவார்கள். முழு ரத்தம் கொடுத்து 28 நாள் ஆகாவிட்டால் இயந்திரத்தில் எடுக்க மாட்டார்கள். ஆகவே கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியை ஒரு சீட்டில் எழுதி, ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காருங்கள்.